செவிவழிக் கல்வி

கேட்டுக் கற்றல் நமக்குப் புதிதன்று. 1960-களில் திருச்சி வானொலியைக் கேட்டே தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லைப் பயிரிட்டனர்; அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. இன்று அப்பணியைக் கைப்பேசியில் ஒலிநூல்கள் செய்கின்றன.

தா.பழூரிலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் பேருந்தில் நாமும் கேட்டு வருகிறோம். கணக்குப் புத்தகம் மட்டும் காதால் விளங்குவதில்லை! களையெடுக்கையில், தார் சுற்றுகையில் அங்கத்தினர்களும் கேட்கலாம். தறியில் அமர்ந்தபின் வேண்டாம். ஓசை மாறுவதைக் கொண்டே பழுதை உணரும் நெசவாளர் அச்செவியைப் பிறிதொன்றுக்கு ஈயலாகாது.

பல நிறுவனங்களில் சந்தா நின்றால் நூலும் நின்றுவிடும். எனவே முதலில் ஒரு மாதத்திற்கு மட்டும் செலுத்தி, கேட்ட மணிகளைக் குறித்துவைத்துப் பின்னர் புதுப்பிப்பதே சிக்கனம். நாட்டுடைமையான கல்கியின் 'பொன்னியின் செல்வன்' சந்தாவின்றியே கேட்கக் கிடைக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.