மாணவர்களே நடத்தும் மாநாடு: தோட்டத்துக் கேள்விகளுக்கும் அங்கே இடமுண்டு

கேமரன் மலையில் பல்கலைக்கழகம் இல்லை. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்கு மலையிறங்கித்தான் போகவேண்டும். போன இடத்தில் பாடம், தேர்வு, பி.டி.பி.டி.என். கடன் என்ற அளவிலேயே பலருடைய பல்கலைக்கழக வாழ்க்கை முடிந்துவிடுகிறது. மாணவர்களே நடத்தும் மாநாடுகள் பற்றிப் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்து வைத்திருந்தால், அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் இன்னும் நிறையப் பெறமுடியும்.

அது என்ன மாநாடு?

வழக்கமான மாநாட்டைப் பேராசிரியர்கள் ஏற்பாடு செய்வார்கள். மாணவர்கள் வரவேற்பு மேசையில் நிற்பார்கள், பின்வரிசையில் உட்காருவார்கள். மாணவர் மாநாட்டில் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது, வரவுசெலவு போடுவது, அறிஞர்களை அழைப்பது, கலந்துரையாடலை வழிநடத்துவது எல்லாமே மாணவர்கள். துறையில் பெயர்பெற்ற நிபுணர் அங்கே விருந்தினராக வருகிறார். மாணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மாநாடு. 1968-இல் ஐரோப்பாவில் மாணவர் கிளர்ச்சி வெடித்தபோது, செயின்ட் காலன் பல்கலைக்கழக மாணவர் ஐவர், தலைவர்களோடு நேருக்கு நேர் பேச ஒரு மேடை வேண்டும் என்று நினைத்தார்கள். முதல் மாநாடு 1970-இல் நடந்தது. இன்றுவரை மாணவர் குழுவே அதை நடத்துகிறது. உலகெங்குமிருந்து பட்டமேற்படிப்பு மாணவர்கள் கட்டுரை எழுதி அனுப்பலாம். தேர்வு பெறுவோருக்குப் பயணச் செலவையும் தங்கும் செலவையும் மாநாடே ஏற்கிறது. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் எழுத்தின் வலிமையால் அந்த மண்டபத்துக்குள் நுழையலாம்.

இயற்பியல் மாணவர்களின் அனைத்துலக மாநாடு 1986-இல் புடாபெஸ்டில் தொடங்கியது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பயிலும் மலேசிய மாணவர்களின் கூட்டமைப்பான யு.கே.இ.சி., 2007 முதல் மலேசிய மாணவர் தலைவர்கள் உச்சநிலை மாநாட்டை நடத்தி வந்துள்ளது. அமைச்சர்களும் பொருளாதார அறிஞர்களும் அதில் மாணவர்களுக்குப் பதிலளித்திருக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது?

முதலில் ஏற்பாட்டுக் குழு அமையும். தலைவர், செயலாளர், பொருளாளர், நிகழ்ச்சி, விளம்பரம், தங்குமிடம் என்று பொறுப்புகள் பிரியும். அடுத்து நோக்கம், நாள், செலவு எல்லாம் அடங்கிய செயல்திட்ட அறிக்கை எச்.இ.பி. எனப்படும் மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போகும். அனுமதி கிடைத்ததும் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதவேண்டும், நிதி திரட்டவேண்டும்.

நிதிதான் நம் நாட்டில் நெடுநாள் முட்டுக்கட்டை. 1971-ஆம் ஆண்டு பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டமும் 1975-இல் வந்த அதன் திருத்தமும் மாணவர் அமைப்புகளின் கைகளைக் கட்டிப்போட்டன. மாணவர் அமைப்புகள் தங்கள் நிதியைத் தாங்களே நிர்வகிக்க வழிவிடும் திருத்தத்தை மக்களவை 2024-இல் ஏற்றுக்கொண்டது.

நம் மாணவர்களுக்கு ஏற்பாட்டு வேலை புதிதல்ல. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள் 'பேரவைக் கதைகள்' சிறுகதைப் போட்டியைப் பல ஆண்டுகள் நடத்தி, பரிசுக் கதைகளை நூலாகவும் கொண்டுவந்தார்கள்.

யார் கேட்பது?

தலைப்பை மாணவர்கள் தீர்மானிக்கும் மாநாட்டில், குழுவில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய கவலைதான் மேடை ஏறும். குழுவில் தோட்டத்துப் பிள்ளை ஒருவரும் இல்லையென்றால், தோட்டத்தைப் பற்றிய கேள்வி எழாமலே போகலாம்.

கேமரன் மலையில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைப் பறித்தது. 1963-இல் கட்டிமுடித்த அந்த அணையின் நீர்த்தேக்கத்தில் வண்டல் படிவதை நீரியல் நிபுணரிடம் கேட்கலாம். தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆனால் தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றபின் குடும்பம் எங்கே போவது என்று சட்ட அறிஞரிடம் கேட்கலாம். தமிழர்கள் கிள்ளிய கொழுந்தை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கிள்ளுகிறார்கள், இயந்திரங்களும் வந்துவிட்டன. 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் இளைஞர்களைத் தோட்டத்தில் நிறுத்துமா என்று பொருளாதார நிபுணரிடம் கேட்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலாண்டு மாணவர் ஏற்பாட்டுக் குழுவில் தன்னார்வலராகச் சேரலாம். பதிவு, விளம்பரம் போன்ற வேலைகளுக்கு ஆள் எப்போதும் தேவை. உள்ளே இருந்தால் தலைப்பு முடிவாகும் கூட்டத்திலும் வாய் திறக்கலாம். பங்கேற்புக் கட்டணம் கட்டமுடியாதவர் கழிவு உண்டா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அறிஞரிடம் கேட்கும் கேள்வியை முன்கூட்டியே எழுதி, ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிக்கொள்வது பதற்றத்தைக் குறைக்கும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையிடம் தேர்வுப் புள்ளிகளைக் கேட்பதோடு, எந்தக் கழகத்தில் சேர்ந்திருக்கிறாய் என்றும் கேட்கலாம். அணை, வீடு, சம்பளம் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லியும் அனுப்பலாம். நாளை ஒரு மண்டபத்தில் நிபுணர் முன் எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அந்தச் செய்திதான் கைம்முதல்.