இணைப்பும் பெறுமதியும்: தேடுபொறியின் கணக்குப் பற்றிய ஒரு குறிப்பு

இணையத்தளம் நடத்துவோரிடத்துப் பரவலாக எழும் வினா ஒன்றுண்டு: பிற தளங்களிலிருந்து நமது தளத்துக்கு வரும் இணைப்புகளுள் எவற்றைத் தேடுபொறி கணக்கிற் கொள்கின்றது? தொழினுட்ப வினாவாகத் தோன்றும் இதனுள், பலரது உழைப்பின் பெறுமதியை யார் அளவிடுகின்றனர் என்ற சமூக வினாவும் அடங்கியுள்ளது.

இக்கணக்கின் வேர் ஆய்வுலகிலேயே உள்ளது. ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பின்வந்த எக்கட்டுரைகள் சுட்டுகின்றன எனத் தொகுக்கும் அட்டவணையை 1955இல் இயூஜின் கார்பீல்ட் முன்மொழிந்தார். இத்தகைய சிந்தனையை இணையத்துக்குப் பொருத்தியோர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த லறி பேஜ், சேர்ஜி பிறின் ஆகியோராவர். 1998இல் அவர்கள் விளக்கிய முறைப்படி, இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு சான்று. ஆயினும் சான்றுகள் யாவும் சமமானவையல்ல. மதிப்புமிக்க பக்கத்தின் இணைப்புக்கு நிறை அதிகம். அப்பக்கம் பல பக்கங்களை இணைக்குமாயின் அந்நிறை அவற்றிடையே பங்கிடப்படும்.

இனி, இதனைச் சரிபார்க்கும் வழியை நோக்குவோம். கூகிள் நிறுவனத்தின் 'சேர்ச் கொன்சோல்' என்னும் இலவசக் கருவியில், தளம் தமதென உறுதிப்படுத்தியோர் இணைப்புகள் பற்றிய அறிக்கையைக் காணலாம். எத்தளங்கள் இணைக்கின்றன, நமது எப்பக்கங்கள் இணைக்கப்படுகின்றன, எச்சொற்களால் இணைக்கப்படுகின்றன என்பவற்றை அது காட்டும்.

எனினும், காட்டப்படுவது வேறு, கணக்கிடப்படுவது வேறு என்பது மனங்கொள்ளத்தக்கது. முதலாவதாக, அப்பட்டியல் முழுமையானதன்று. அட்டவணைகள் 1000 வரிசைகளுடன் நின்றுவிடும். இரண்டாவதாக, மதிப்பளிக்க வேண்டாமெனக் குறிக்கும் 'நோபொலோ' அடையாளமுள்ள இணைப்புகளும் அதில் இடம்பெறும். 2005இல் அறிமுகமான இவ்வடையாளத்தைக் கட்டளையாகவன்றி ஒரு குறிப்பாகவே கொள்வதாகக் கூகிள் 2019இல் அறிவித்தது. எனவே, இணைப்பை இட்டவரின் விருப்பமும் இறுதியானதன்று. மூன்றாவதாக, விலைக்கு வாங்கப்பட்டவையெனப் பொறி கருதிப் புறக்கணிக்கும் இணைப்புகளும் பட்டியலில் நீடிக்கலாம். பிற நிறுவனங்களின் கருவிகள் தருவனவோ அவற்றின் சொந்த மதிப்பீடுகளே.

ஆகவே, நாம் செய்யக்கூடியது ஊகித்தறிதலே. இணைக்கும் பக்கம் தேடலில் அகப்படுகின்றதா, அதன் மூலநிரலில் மேற்கூறிய அடையாளம் உண்டா, இணைப்பு விடயத்தோடு பொருந்தி எழுதப்பட்டதா என ஆராயலாம். மூன்றும் சாதகமாயின், அது கணக்கிற் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. அதற்குமேற் சொல்ல இயலாது.

முன்னர் பக்கமொன்றின் மதிப்பெண்ணை ஓரளவுக்குப் பொதுமக்களும் காண முடிந்தது. 2016இல் அதுவும் நீக்கப்பட்டது. கணக்கு வெளிப்பட்டால் இணைப்பு வணிகர் அதனைத் திரிப்பர் என்பது இதற்குச் சார்பான வாதம். அதில் உண்மையுண்டு. ஆனால், அவ்வணிகம் எவ்வாறு தோன்றியது? வாசகருக்கு வழிகாட்டுவதே இணைப்பின் பயன்மதிப்பு. தேடலில் முன்னிடம் பெறுதல் இலாபத்துக்கு வாயிலாகியபோது அது பரிவர்த்தனை மதிப்பும் பெற்றுப் பண்டமாயிற்று. அளவுகோலே உருவாக்கிய சந்தையைக் காரணங்காட்டி அளவுகோல் மறைக்கப்படுகின்றது. முரண்பாடு இங்கேதான் உள்ளது.

எண்ணற்றோர் வாசித்துத் தெரிந்து இட்ட இணைப்புகளே தேடுபொறியின் மூலவளம். அவற்றின் பெறுமதியைத் தனியார் நிறுவனமொன்று மறைவில் தீர்மானிக்கின்றது. நமது ஆய்வுகளையும் ஏடுகளையும் இணையத்தில் இடுவோர் அப்பட்டியலைப் பார்த்தல் வேண்டும். தமது பணியின் மதிப்பை அதனைக்கொண்டு அளத்தல் ஆகாது.