பேட்டரியா, டைனமோவா? மீட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் கார் பேட்டரிக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? உங்கள் மேஜைக்குக் கீழே இருக்கும் யுபிஎஸ்ஸுக்குள் இருப்பதும் பெரும்பாலும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிதான். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அந்த மஞ்சள் நிற மல்டிமீட்டர் காருக்கும் உதவும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு தேய்பிறை அஷ்டமி அன்று என் பெரியப்பா குடும்பத்துடன் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போயிருந்தார். தரிசனம் முடிந்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். நாலு பேர் தள்ளிவிட, கார் கிளம்பியது. வழியில் ஒரு கடையில் காட்டியபோது, மீட்டரைக் கூடத் தொடாமல், “பேட்டரி போச்சு சார்” என்று சொல்லிப் புதிய பேட்டரியை மாட்டிவிட்டார்கள். பத்தே நாள். சேலத்திலிருந்து திரும்பும்போது, பொழுது சாய்ந்த பிறகு, தொப்பூர் கணவாயில் ஹெட்லைட் மங்கி, இன்ஜினும் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் லாரிகள் இறங்கும் அந்த இடத்தில், லைட் இல்லாத காரில் பெரியம்மாவும் பேரக்குழந்தையும் உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் பெரியப்பாவுக்கு வியர்க்கிறது.

காரை இழுத்து வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் சாஃப்ட்வேர் ஆள். ஆனால் பிழை தேடும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதானே. முதலில் பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டேன். சார்ஜ் ஏற்றியவுடனேயே அளந்தால் வோல்டேஜ் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். கறுப்பு ஒயரை நெகட்டிவிலும் சிவப்பு ஒயரைப் பாசிட்டிவிலும் வையுங்கள். பேட்டரிக்குள் ஆறு அறைகள். அறைக்குச் சுமார் 2.1 வோல்ட். ஆகவே முழு சார்ஜ் என்றால் 12.6. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 12.6 வந்தது.

வோல்டேஜ் இருப்பதால் மட்டும் பேட்டரி நல்லது என்று சொல்லிவிட முடியாது. யுபிஎஸ்ஸில் ‘ஃபுல் சார்ஜ்’ காட்டிவிட்டு, கரண்ட் போனதும் அரை நிமிடத்தில் அணைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுமை ஏற்றினால்தான் உண்மை தெரியும். காரில் அந்தச் சுமை செல்ஃப் மோட்டார். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். சாதாரண வெயிலில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். எங்களுக்கு 10.4. ஆக, புதுப் பேட்டரி குற்றவாளி இல்லை. பாவம், பழைய பேட்டரியும் குற்றவாளியாக இருந்திருக்காது!

அடுத்தது ஆல்டர்னேட்டர். மெக்கானிக்குகள் வாயில் அது இன்னும் டைனமோதான். இன்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் சுழன்று மின்சாரம் தருவது இதுதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எங்கள் காரில் 13.1. ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் போட்டதும் 12.2க்கு இறங்கிவிட்டது. பகலில் ஓடிய கார் இரவில் நின்ற ரகசியம் இதுதான்.

பெல்ட் இறுக்கமாக இருந்தது, டெர்மினலில் வெள்ளைப் பூப்பும் இல்லை. பிறகு என்ன? ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று ஃபேஸ் ஏசி. அதை உள்ளே இருக்கும் ஆறு டயோடுகள் டிசியாக மாற்றுகின்றன. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸும் டயோடுகளைக் கொண்டுதான் இதே வேலையைச் செய்கிறது. ஒரு டயோடு கெட்டால் சார்ஜ் குறையும். அதோடு, கார் நிற்கும்போது பேட்டரி மின்சாரம் அந்த வழியே கசியவும் கூடும். நல்ல மீட்டரில் ஏசி அளவில் வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். மலிவான மீட்டர்களில் சில, இங்கே சம்பந்தமில்லாத எண்ணைக் காட்டும். அதை நம்ப வேண்டாம்.

என்னிடம் இருந்ததும் மலிவான ரகம்தான். எனவே கசிவைத் தேடினேன். காரை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்தேன். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 400! பத்து மணி நேரத்தில் 4 ஆம்பியர் ஹவர். பெரியப்பா காரின் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஒன்பதில் ஒரு பங்கு. மீட்டரை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கழன்ற நிலையிலேயே ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைப் பிரித்து, முனை எதிலும் படாமல் டேப் சுற்றி, மறுபடி அளந்தேன். 20க்கு இறங்கியது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்தபோது டயோடு தட்டுதான் போயிருந்தது. அதை மாற்றியதும் ஹெட்லைட் போட்ட நிலையிலும் 14.1. செலவு, வாங்கிய புதுப் பேட்டரி விலையில் பாதிகூட இல்லை.

சில எச்சரிக்கைகள். 10 ஆம்பியர் துளையில் ஒயர் இருக்கும்போது வோல்டேஜ் அளக்காதீர்கள், அது நேரடி ஷார்ட். மீட்டரை நடுவில் இணைத்தபடி செல்ஃப் அடிக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, “ஓடுகிறதா பார்” என்று சோதிக்கும் பழக்கம் பழைய கார்களோடு போகட்டும். இப்போதைய கார்களில் அந்த நொடியில் எழும் அதிக வோல்டேஜ், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரையே காலி செய்துவிடலாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் தீப்பொறி கூடாது.

சில புதிய கார்களில் சார்ஜிங்கையே கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் அது வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைக்கும். அங்கே 12.8 பார்த்தவுடன் ஆல்டர்னேட்டரைத் திட்டாதீர்கள். ஹெட்லைட் போட்டு, சற்று ஓட்டி, மறுபடி பாருங்கள்.

மீட்டரே பிடிக்கவில்லையா? ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற 16 முனை சாக்கெட் இருக்கும். ஈஎல்எம் 327 என்ற ப்ளூடூத் அடாப்டரை அதில் செருகி, மொபைலிலோ லேப்டாப்பிலோ வோல்டேஜைப் படிக்கலாம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். கார் நிற்கும்போது அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும்.

பெரியப்பாவின் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு பல நாட்களாக மங்கலாக எரிந்துகொண்டிருந்ததாம். பகல் வெளிச்சத்தில் தெரியவில்லை, தெரிந்த பேரன் சொன்னதை யாரும் கேட்கவில்லை.