புஷிங் எண்ணெய்ப் பரிசோதனையும் சீல் குறைபாடும்

பெரிய நிலைமாற்றிகளின் (டிரான்ஸ்போமர்) மேல் நிற்கும் பீங்கான் தூண்களை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். அவையே புஷிங் எனப்படும். உயர் வோல்ற்றளவுள்ள கடத்தியை, புவித்தொடுப்புள்ள உலோகத் தாங்கியைத் தொடாது உள்ளே கொண்டுசெல்வது இதன் தொழிலாகும். எண்ணெய் ஊறிய கடதாசி வகையில், கடதாசிச் சுற்றுக்களும் எண்ணெயும் காவலியாக அமைகின்றன. இறப்பர் சீல்கள் வெளி வளியைத் தடுக்கின்றன.

சீல் பழுதடைதல்

வெப்பத்தினாலும் வயதினாலும் இறப்பர் மீள்தன்மையை இழக்கும். எண்ணெய் பகலில் விரிந்து இரவில் சுருங்கும். சுருங்கும்போது உள்ளமுக்கம் குறைவதால் ஈரவளி உட்புகும். எனவே வெளியே எண்ணெய்க் கசிவு தென்படாவிடினும் சீல் பழுதடைந்திருக்கலாம்.

எண்ணெய் தரும் சான்றுகள்

1. நீர்: அளவு உயரும். நீரின் பெரும்பகுதி கடதாசியிலேயே தங்கும். சூடாகும்போது எண்ணெய்க்கு வரும். ஆகவே மாதிரி எடுத்த வெப்பநிலையையும் குறித்தல் வேண்டும்.

2. ஒட்சிசன்: நைதரசன் நிரப்பி மூடிய புஷிங்கில் இது மிகக் குறைவு. வளியில் ஒட்சிசன்/நைதரசன் விகிதம் ஏறத்தாழ 0.27. ஒட்சிசன் எண்ணெயில் கூடுதலாகக் கரைவதால், வளியுடன் சமநிலையடைந்த எண்ணெயில் அது ஏறத்தாழ 0.5 ஆகும். விகிதம் இதனை நோக்கி உயர்ந்தால் வளி புகுந்துள்ளதெனக் கருதலாம்.

3. ஐதரசன், அசற்றலீன்: மாணவர்கள் பெரும்பாலும் தவறுமிடம் இதுவே. இவை சீல் குறைபாட்டின் நேரடி அடையாளங்கள் அல்ல. ஐதரசன் பகுதி மின்னிறக்கத்தையும், அசற்றலீன் மின்வில்லையும் சுட்டும். ஈரம் காவலியைப் பழுதாக்கிய பின்னர் இவை தோன்றலாம்.

மாதிரி வினா

ஒரு புஷிங் எண்ணெயில் நீரும் ஒட்சிசனும் உயர்ந்துள்ளன; ஐதரசன் மாறவில்லை. உமது முடிபு யாது?

விடை: சீல் குறைபாடு ஐயப்படத்தக்கது. எனினும் ஊசிக்குழாயில் வளிக்குமிழி இருந்தாலும், மாதிரியில் மழைநீர் பட்டாலும் இதே பெறுபேறு கிடைக்கும். எனவே மீண்டும் மாதிரி எடுத்து, முந்தைய பெறுபேற்றுடனும் அதே நிலைமாற்றியின் ஏனைய புஷிங்குகளுடனும் ஒப்பிடல் வேண்டும். உறுதியானால் புஷிங்கைச் சேவையிலிருந்து நீக்க வேண்டும். தவறின் காவல் முறிந்து, பீங்கான் வெடித்துத் தீ பரவலாம்.

நினைவிற் கொள்க: மின்னைத் துண்டித்து, புவித்தொடுப்புச் செய்த பின்னரே மாதிரி எடுக்கப்படும். எடுத்த பின் அடைப்பானுக்குப் புதிய சீல் இடல் வேண்டும். இல்லையேல் பரிசோதனையே கசிவுக்குக் காரணமாகிவிடும்.