ஊட்டிக் குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் என் நாத்தனார் குடும்பம் இருக்கிறது. ஒரு ஜனவரியில் அங்கே போய் நாலு நாள் தங்கினேன். காலை ஆறு மணிக்கு சமையலறைக்குள் நுழைந்தால், அண்ணி ஒரு கம்பியால் பாட்டிலைக் குடைந்துகொண்டிருந்தார். உள்ளே தேங்காய் எண்ணெய் சுண்ணாம்புக் கட்டி போல உறைந்து கிடந்தது. பெயர்த்ததைக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினார்.

“என்ன அண்ணி, காலங்காத்தால தாளிப்பா?” என்றேன்.

“தாளிப்பில்ல கண்ணு, தலைக்கு! இங்க பாரு, குளிருக்கு மண்டை வறண்டு வெள்ளை வெள்ளையா உதிருது. தெனம் தப்பாம வெக்கறேன், நிக்க மாட்டேங்குது. முடியும் கொத்துக் கொத்தா கையோட வருது. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா வெக்கணுமோ என்னமோ...”

அந்த ஒரு கரண்டி எண்ணெயிடம் அண்ணி மூன்று வேலைகளை எதிர்பார்த்தார். முடி மினுமினுப்பாக இருக்க வேண்டும், செதில் உதிர்வது நிற்க வேண்டும், கொட்டிய முடி திரும்ப முளைக்க வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு இதே கணக்குதான். ஆனால் மூன்றும் வேறு வேறு சங்கதிகள். முதல் வேலையை எண்ணெய் நன்றாகவே செய்யும். இரண்டாவதில் சில சமயம் கைகொடுக்கும், சில சமயம் காலை வாரிவிடும். மூன்றாவது அதனால் ஆகாத காரியம்.

முடிக்கு என்ன லாபம்?

நாம் சீவிப் பின்னுகிற முடிக்கு உயிர் கிடையாது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், வேர்க்காலில் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு போடுவது ரத்தம். மேலே எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது வேருக்கு உரமாகாது. “எண்ணெய் வெச்சாத்தான் முடி வளரும்” என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வந்தவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், ஆர்கன் எண்ணெய் ஆகியவை பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2022-ல் ஒரு கட்டுரை வெளியானது. முடியை வளர்க்கும் என்பதற்கு இந்த மூன்றில் எதற்குமே உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. விளக்கெண்ணெய்க்கு இருக்கிற பெரிய பெயரை நினைத்தால் ஆச்சரியம்தான்.

அப்படியானால் வைப்பது வீணா? இல்லவே இல்லை. முடியின் மேற்புறம் ஓடு வேய்ந்த கூரை போல அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. தலை நனையும்போது தண்ணீர் உள்ளே புகுந்து முடி உப்பும், காயும்போது சுருங்கும். இப்படியே உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, ஓடுகள் தூக்கிக்கொள்ளும். அதன்பின் முடி சொரசொரப்பாகி, சிக்கு விழுந்து, சீவும்போது பட் பட்டென்று அறும். மழையிலும் மஞ்சிலும் கொழுந்து பறிக்கிற பெண்களின் முடிக்கு இந்தத் தொல்லை அதிகம். கொண்டை உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

இங்கேதான் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனித்திறமை. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். இதன் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடியின் மேல் படிவதோடு நிற்காமல் உள்ளேயும் ஊடுருவுகிறது. மும்பையைச் சேர்ந்த ரெலே, மொஹிலே என்ற ஆராய்ச்சியாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடும்படி குறைத்தது. தலைக்குக் குளிக்கும் முன்பு பூசினாலும் சரி, குளித்த பிறகு பூசினாலும் சரி. (இவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தில் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!)

தேங்காய் எண்ணெய்தான் என்றில்லை. தென்னையே வளராத மேல்மலையில், எருமை வளர்க்கும் தோடர் இனப் பெண்கள் கூந்தலைச் சுருள் சுருளாகச் சுருட்டி வெண்ணெய் பூசிக்கொள்வது நெடுநாள் வழக்கம். குளிர்காற்றில் முடி வறண்டு பறக்காமல் காக்க அவரவர் ஊரில் கிடைத்த கொழுப்பு!

சரி, உறைந்த எண்ணெயை என்ன செய்வது? தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில்தான் உருகும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடத்தில் பல மாதம் பாட்டில் கட்டியாகத்தான் இருக்கும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. சொல்லப்போனால், ஜனவரிக் குளிரிலும் தண்ணீர் மாதிரி ஓடுகிற ‘சுத்தமான தேங்காய் எண்ணெய்’ மேல்தான் சந்தேகப்பட வேண்டும். வேறு எண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருக்கலாம். (பாம் கெர்னல் எண்ணெயும் உறையும். ஆகவே உறைந்ததெல்லாம் சுத்தம் என்றும் சொல்வதற்கில்லை.)

கரண்டியில் காய்ச்சுவது வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் பிள்ளைகள் தலையில் ஊற்றிவிட்டால் பொத்துப் போகும். அகல வாய் டப்பாவில் வாங்கி, சுண்டைக்காய் அளவு விரலால் வழித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் போதும். உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். நிறைய வேண்டுமென்றால் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நல்லெண்ணெய்க்கு இந்தப் பாடே இல்லை, ஊட்டிக் குளிரிலும் ஓடும்.

எந்தச் செதில்?

அண்ணியை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து வகிடு பிரித்துப் பார்த்தேன். செதில் காய்ந்த தூளாக இல்லை. மஞ்சள் பாரித்து, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் தோல் சிவந்திருந்தது. புருவத்திலும் மூக்கோரத்திலும்கூட அதே செதில். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதன் மேலா தினமும் எண்ணெய்?

குளிர் ஊரில் இரண்டு விதமாகச் செதில் உதிரும். ஒன்று, நிஜமான வறட்சி. குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக்கொள்கிறோம் அல்லவா? அது தோலின் இயற்கையான எண்ணெயை வழித்துக்கொண்டு போய்விடும். செதில் சின்னதாக, வெள்ளையாக, உலர்ந்து இருக்கும். கை கால் தோலும் கூடவே வெடித்திருக்கும். இவர்களுக்கு எண்ணெய் நிச்சயம் இதம் தரும்.

மற்றொன்று பொடுகு. இதற்கு மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை முக்கியக் காரணம். இது எல்லார் தலையிலும் குடியிருப்பதுதான். தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்கத் தெரியாத ஜீவன். ஆகவே நம் மண்டையில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை உடைத்துத் தின்கிறது. தின்றது போக மிச்சம் வைக்கிற ஒலியிக் அமிலம் போன்றவை சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பு, சிவப்பு, செதில் எல்லாம் அதனால்தான். குளிர்காலத்தில் இது கூடும். வறட்சி என்று எண்ணி எண்ணெயைப் பூசி, ஞாயிறு வரை அலசாமல் விட்டால், பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. ஆலிவ் எண்ணெயில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம்தான். விலை கொடுத்து வாங்கிப் பொடுகுத் தலையில் தேய்க்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி மாறான சேதியும் உண்டு. போபாலிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தினர், 140 இந்தியப் பெண்களின் மண்டைத் தோலில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய் பூசிவந்தபோது நல்ல நுண்ணுயிர்கள் பெருகியது தெரிந்தது. ஆகவே எண்ணெயை அடியோடு விரட்ட வேண்டியதில்லை. ஆனால் பிசுபிசுப்பான பொடுகும் அரிப்பும் இருக்கும்போது அதையே வைத்தியமாக நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

அண்ணியைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதித் தந்தார். வாரம் இரண்டு முறை. நுரை வந்ததும் உடனே அலசாமல் 3 முதல் 5 நிமிடம் ஊற விட வேண்டும். இப்படி நாலு வாரம், பிறகு எப்போதாவது ஒரு தடவை. பலர் போட்டதும் அலசிவிட்டு “ஒண்ணும் கேக்கலீங்க” என்பார்களாம். “எண்ணெய் வெக்கவே கூடாதுங்களா?” என்று அண்ணி அழாத குறையாகக் கேட்க, டாக்டர் சிரித்துவிட்டார். “பொடுகு அடங்கட்டும்மா. அப்புறம் குளிக்க ஒரு மணி நேரம் முன்னால முடி நீளத்துக்கு வைங்க. மண்டையில ஊற வெச்சு ராத்திரி படுக்க வேணாம். அரப்போ ஷாம்பூவோ போட்டு சுத்தமா அலசிடுங்க.”

கைக்குழந்தைகளுக்கு உச்சியில் ஆடை போல் படிவதும் இந்த வகைதான். துளி எண்ணெய் தடவி இளக்கி, மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். நகத்தால் பெயர்க்காதீர்கள். இன்னொன்று, நெற்றி ஓரம் மட்டும் பொடிப் பருவாக வந்தால் தலையிலிருந்து வழிகிற எண்ணெயைச் சந்தேகியுங்கள்.

கொட்டுகிற முடி

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. அதற்கு மேல் கொத்தாக வந்தால், இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள். கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன்? அவற்றின் பலன் அவ்வளவு தாமதமாகத்தான் தலையில் தெரியும். வகிடு மட்டும் வருடா வருடம் அகன்றுகொண்டே போனால் அது வேறு ரகம், அதற்குத் தனி சிகிச்சை உண்டு. தைராய்டையும் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அண்ணிக்கு ஹீமோகுளோபின் 8.4 இருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும், மலைமேல் வசிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. மேடு ஏறினால் மூச்சு வாங்குவதை “வயசாச்சு” என்று தள்ளிப்போட்டிருக்கிறார். வயசு 41!

டாக்டர் விசாரித்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. தேயிலைச் சீமை அல்லவா? காலைப் பலகாரத்தோடு ஒரு டீ, மத்தியானச் சோற்றோடு ஒரு டீ, இரும்பு மாத்திரையை முழுங்கவும் டீ! தேயிலையிலுள்ள டானின் வகைச் சத்துகள் சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. “டீ குடிங்க, வேணாங்கல. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. மாத்திரையை எலுமிச்சைச் சாறோட போடுங்க” என்றார். இரும்பு மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே கிடைக்கும். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே நாலைந்து மாதம் பொறுமை வேண்டும். அண்ணிக்கு ஜூன் மாதம்தான் நெற்றியோரம் குட்டை முடி எழும்ப ஆரம்பித்தது. மூச்சு வாங்குவது அதற்கு முன்பே நின்றுவிட்டது.

தைலம் ஜாக்கிரதை

1843-ல் கேப்டன் காட்டன் என்ற வெள்ளைக்காரர் நீலகிரிக்குக் கொண்டுவந்த மரம் யூகலிப்டஸ். அதன் இலையிலிருந்து எடுக்கும் தைலம் குன்னூர், ஊட்டிக் கடைகளில் பாட்டில் பாட்டிலாகத் தொங்குகிறது. பேன் போகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் அதை அப்படியே தேய்க்கிற தாய்மார்கள் உண்டு. தோல் வெந்துபோகும். கண்ணில் வழிந்தால் பெரும் அவஸ்தை. யூகலிப்டஸ், கற்பூர எண்ணெய்களால் வலிப்பு வந்த கேஸ்களைப் பெங்களூர் நரம்பியல் டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் இந்த விளையாட்டே வேண்டாம்.

பேனுக்கு பெர்மெத்ரின் மருந்து இருக்கிறது. டாக்டரைக் கேட்டு வீட்டில் பேன் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் போட்டு, ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி போட வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு இதிலும் ஒரு சின்ன உத்தியோகம் உண்டு. மருந்து போடாத நாட்களில் தடவிக்கொண்டால் பேன் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், ஈறு எடுப்பது சுலபம்.

தைல பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே குழந்தைக்கு ஆபத்து. குடித்துவிட்டது தெரிந்தால் வாய்க்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.