கடலுக்குப் போகும் நீர் வீணா?

வைகையில் வெள்ளம் வரும் ஆண்டுகளில், "இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!" என்று பெரியவர்கள் அங்கலாய்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். வானம் பார்த்த பூமியான எங்கள் சிவகங்கைச் சீமையில் அந்த ஆதங்கம் நியாயமானதே. ஆனால் நாம் சந்தையில் வாங்கும் சாளைக்கும் நெத்திலிக்கும் இந்த வழக்கில் ஒரு பங்கு உண்டு.

முதலில் ஒரு சோதனை. கண்ணாடி டம்ளரில் பாதியளவு நீர் எடுத்து, இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். நல்ல நீரில் சிறிது நீல மை கலந்து, அதைக் கரண்டியின் முதுகு வழியாக மெல்ல வழிய விடுங்கள். நீலம் மேலேயே தங்கிவிடும். ஒரு கன மீட்டர் ஆற்று நீரின் நிறை சுமார் 1,000 கிலோகிராம். கடல் நீரின் நிறை சுமார் 1,025. இந்தச் சிறிய வேறுபாட்டால்தான் ஆற்று நீர் கடலின் மேல் மெல்லிய விரிப்பாகப் பரவுகிறது.

அந்த விரிப்பு வெறும் நீரன்று. மண்ணிலிருந்து கரைந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், பாறைகள் சிதைந்ததால் வந்த சிலிக்காவும் அதில் இருக்கின்றன. டயாட்டம் என்னும் நுண்பாசிகள் தம் ஓட்டைச் சிலிக்காவினால் கட்டுகின்றன. ஏறக்குறைய கண்ணாடி வீடு என்றே சொல்லலாம்! மேற்பரப்பில் வெயிலும் இருப்பதால் அவை மளமளவெனப் பெருகும். அவற்றை நுண்ணிய மிதவை விலங்குகள் தின்னும். இவ்விரண்டையும் சாளை தன் செவுளிலுள்ள சீப்புப் போன்ற முட்களால் வடிகட்டி உண்ணும். சிறுமீன்களின் ஆயுள் குறைவு. ஆகவே உணவு குறைந்தால் ஓரிரு ஆண்டுகளிலேயே வலை காட்டிக்கொடுத்துவிடும்.

எகிப்தில் அப்படித்தான் நடந்தது. கோடையின் இறுதியில் நைல் நதி வெள்ளம் மத்தியதரைக் கடலில் இறங்கியதும், கழிமுகத்தருகே சாளை இன மீன்கள் திரளும். 1962இல் சுமார் 18,000 டன் பிடிபட்டது. 1964இல் அஸ்வான் உயர் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. 1968இல் கிடைத்தது 600 டன்னுக்கும் குறைவு! எனினும் கதை அங்கே முடியவில்லை. 1980களில் மீன் மீண்டும் பெருகியது. இம்முறை சத்தைக் கொண்டுவந்தவை வயல்களின் இரசாயன உரமும் நகரங்களின் கழிவுநீரும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அந்த மாற்று ஏற்பாட்டை எண்ணி என்னால் மகிழ முடியவில்லை.

அப்படியானால் ஆற்று நீர் மிகுந்தால் மீனும் மிகுமா? அதுவும் இல்லை. உங்கள் டம்ளரை மறுநாள் வரை அசைக்காமல் வையுங்கள். அடுக்கு எளிதில் கலையாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து கொட்டும் வங்காள விரிகுடாவின் வடபகுதியிலும் இதே நிலைதான். இலேசான மேலடுக்கு மூடி போல் நின்று, ஆழத்திலுள்ள சத்து மேலே வராமல் தடுக்கிறது. மொத்தத்தில் அரபிக்கடலே அதிக வளமுடையது.

நம் வைகைக்கு வருவோம். அதன் மேற்பகுதியில் 1959 முதல் அணை இருக்கிறது. கீழே கால்வாய்களும் கண்மாய்களும் நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மிஞ்சுவது இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில்தான் மறுகால் பாய்ந்து, ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் நீரிணையைத் தொடும். கண்மாய் நிறைய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த மறுகால் நீரைக்கூட வீண் என்று கணக்கெழுதுபவர்கள், அதை எதிர்பார்த்திருக்கும் சிறுமீன்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.