பட்டா இல்லாத வீடு

2020 ஆகஸ்ட் 6 இரவு, பதினொரு மணி ஆகப்போகிற நேரம். மூணாறை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து, எஸ்டேட் லயங்கள் மண்ணுக்குள் போயின. கரண்ட் இல்லை, செல்போன் டவர் வேலை செய்யவில்லை. வெளியே சேதி போய்ச் சேர விடிந்துவிட்டது. 70 பேர் போனார்கள். 4 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. குவி என்ற நாய் ஒரு வாரத்துக்கு மேல் தேடி அலைந்து, தன்னோடு விளையாடிய குழந்தை கிடந்த இடத்தைக் காட்டியது.

அந்த லயங்களில் இருந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். வேலை இருக்கிறவரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், அல்லது வீட்டுக்காகவே பிள்ளை அதே வேலைக்கு வர வேண்டும். மலையோடு போன வீட்டுக்குப் பட்டா எங்கே என்று கேட்டால் இவர்கள் எதைக் காட்டுவார்கள்?

மலையைச் சரித்தது பெருமழை. அந்த மழையின் போக்கே மாறுகிறது. அரபிக்கடல் சூடாகி வருகிறது. காற்றில் ஈரம் கூடுகிறது; மாதக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை சில நாளில் கொட்டிவிடுகிறது. 2018, 2019, 2020 என்று மூன்று ஆகஸ்டிலும் கேரளம் இதைப் பார்த்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையிலும் மண்ணில் புதைந்தவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

உலகச் சட்டம் இவர்களுக்கு என்ன தருகிறது? 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை உதவாது. அது இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டெல்லை தாண்டியவர்களுக்கானது. மழைக்கு அஞ்சி ஓடுகிறவருக்கு அதில் இடமில்லை. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களுக்காக ஐ.நா. 1998-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதிலுள்ள ஒரு சொற்றொடர்: 'வீட்டை அல்லது வழக்கமாக வசிக்கும் இடத்தை' விட்டு வெளியேற நேர்ந்தவர்கள். சொந்த வீடா என்று அது கேட்கவில்லை. இயற்கைப் பேரிடரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. லயத்துக்காரர் அந்த வரிக்குள் முழுதாக வருகிறார். ஆனால் அது நெறிதான், அரசைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல.

உள்நாட்டில் ஒரு பிடி உண்டு. பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்கு மூணாறு பக்கத்திலேயே வீடு கட்டிக் கொடுத்தார்கள். மற்ற லயங்களில் மழை வலுத்தால் முகாமுக்குப் போகிறார்கள். வெயில் அடித்ததும் அதே சரிவுக்கடியில் அடுப்பு மூட்டுகிறார்கள்.